காஸ்டிக் சோடாவுக்கும் கொசுறு

கோரிப்பாளையத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நல்லகாமனுக்கு ஒரு வியாதி. எதை நிறுத்தாலும் தராசு நின்ற பிறகு ஓர் அள்ளு கொசுறு போடாவிட்டால் மனுஷனுக்குக் கை ஊறும். கடலைப் பருப்புக்கு அது சரி. காஸ்டிக் சோடாவுக்குமா போடுவார்கள்?

அன்றைக்கு விளாங்குடி வீட்டில் அவர் மனைவி அஸ்வினி சோப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு மூன்று வருஷம் சும்மா இருந்தவளுக்கு முதல் ஆர்டர். எதிர்வீட்டுப் பத்மாசினியின் மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட நூறு சோப்பு. ஒத்தாசைக்கு வந்த நல்லகாமன், அவள் நிறுத்து வைத்திருந்த காஸ்டிக் சோடாவைப் பார்த்தார். ஒரு கிலோ இருநூறு, இம்மி பிசகாமல். கல்யாணக் காரியத்தில் இப்படியா கஞ்சத்தனமாக இருப்பது? அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் கரண்டியால் ஓர் அள்ளு அள்ளிப் போட்டுவிட்டார்.

எல்லாம் கரைத்து, தேங்காய் எண்ணெயில் ஊற்றி, அடுப்பில் கிண்டும்போதுதான் அவள் டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள்.

"மாமா, இதுல முந்நூறு கிராம் மிச்சம் இருக்கணும். பாதியக் காணோம்!"

"கொசுறு போட்டேன் புள்ள."

"அய்யோ! ஒரு மோல் எண்ணெய்க்கு மூணு மோல் காஸ்டிக், அம்புட்டுத்தான். கூடப் போனது சோப்பாகாம காரமாவே கெடக்கும். கல்யாணத்துக்கு வந்த சனம் மூஞ்சி வெந்து போகவா?"

பாவி, மூன்று வருஷம் காத்திருந்தவள் பிழைப்பில் மண்ணைப் போட்டோமே என்று இருந்தது நல்லகாமனுக்கு. "கொட்டிருவமா?" என்றார் ஈனக்குரலில்.

அவளோ காலண்டர் தாளைக் கிழித்துக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தாள். "கூடுனது நூத்தம்பது கிராம். ஒரு மோல் காஸ்டிக் நாப்பது கிராம், நாப்பதால வகுத்தா மூணே முக்கால் மோல். அதுல மூணுல ஒரு பங்கு எண்ணெய், ஒண்ணே கால் மோல். ஒரு மோல் எண்ணெய் அறுநூத்தி நாப்பது கிராம். மாமா, எண்ணூறு கிராம் எண்ணெய் வேணும், இறுகுறதுக்குள்ள! ஓடுங்க!"

ஓடினார். கடைக்குப் போய்வர நேரமில்லை, எதிர்வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது.

"எதுக்குத் தம்பி ஒரு லிட்டர் எண்ணெய்?" என்றாள் பத்மாசினி.

"தலைக்குத் தேய்க்கக்கா."

பத்மாசினி அவர் தலையைப் பார்த்தாள். பேருக்கு ஒரு முடிகூட இல்லாத தலை. டின்னை எடுத்துக் கொடுத்தாள், பாவம்.

நிறுத்து ஊற்றி, ஒரு மணி நேரம் மாறி மாறிக் கிண்டினார்கள். ஆறியதும் அஸ்வினி துளி சோப்பை விரல் நுனியில் எடுத்தாள். காரம் மிச்சமிருந்தால் நாக்கில் சுரீரென்று கரண்ட் அடிக்கும், இல்லாவிட்டால் வெறும் சோப்பு. விரலை வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"நானே பாக்குறேன்," என்று நல்லகாமன் நாக்கை நீட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன மாமா, அடிக்குதா?"

"த்தூ! நாறச் சோப்பு புள்ள! சோப்பத் தவிர ஒண்ணுமே இல்ல!"

அஸ்வினி கரண்டியோடு குதித்தாள். அவர் வாயெல்லாம் நுரையோடு சிரித்தார்.