இரண்டேமுக்கால் நட்சத்திரம்

திருமூர்த்தியின் வலைப்பதிவுக்கு வயது பதினான்கு. அதற்கு இருந்த வாசகர் ஒருவர். அந்த ஒருவரும் மனிதர்தானா என்பதில் வீட்டில் சந்தேகம் இருந்தது.

சுகர் லேண்டிலிருந்து ஹூஸ்டனுக்குத் தினமும் ஐம்பது நிமிடம் காரோட்டிப் போய், எண்ணெய்க் குழாய்கள் எவ்வளவு துருப்பிடித்திருக்கின்றன என்று அளந்து சொல்வது திருமூர்த்தியின் உத்தியோகம். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் விடமாட்டார். எழுத்திலும் அதே குணம். ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மதிப்பெண் போடுவார். அதுவும் கால், அரை, முக்கால் கணக்கில். புதுப் படம் வந்தால் படத்துக்கு. ராக் ஆல்பம் வந்தால் ஆல்பத்துக்கு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஜனாதிபதித் தேர்தல் வந்தால் அதற்கும். ஒருமுறை வேட்பாளர்களின் டிவி விவாதத்தைப் பற்றி இப்படி எழுதினார்: "ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மற்றவர் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். தலா ஒன்றேகால்."

சனிக்கிழமை மாலை எழுதியதை ஏற்றுவார். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எழுந்து வருகைக் கணக்கைப் பார்த்தால் ஒன்று என்றிருக்கும். ஊர் சுகர் லேண்ட். நேரம் காலை ஏழு நாற்பது. பதினான்கு வருடமாக அப்படித்தான்.

"இட்ஸ் எ பாட், அப்பா. ஏதோ ரோபோ புரோகிராம்," என்றாள் மகள் அதிதி. "செவன் ஃபார்ட்டி ஆன் எ சண்டே, எந்த மனுஷன் முழிச்சிருப்பான்?"

மனைவி மீனாக்ஷி ஒரு பதிவையும் படித்ததில்லை. "இருபத்திரெண்டு வருஷமா வாயால கேக்கறேன். எழுத்துல வேற படிக்கணுமா?" என்பாள்.

இப்படிப்பட்டவருக்கு பிரேசோஸ் கரைத் தமிழ் மன்றத்தின் தலைவர் பதவி மேல் ஆசை வந்ததில் வியப்பில்லை. பழைய தலைவர் வேலை மாறி டாலஸ் போய்விட்டார். தலைவருக்குச் சம்பளம் கிடையாது. தீபாவளி விழா முடிந்ததும் மடக்கு நாற்காலிகளை அடுக்கும் வேலைதான் உண்டு. ஆனால் ஒவ்வொரு விழாவிலும் தலைவர் ஏழு நிமிடம் பேசலாம். அந்த ஏழு நிமிடமும் சாப்பாட்டுத் தட்டுகளின் மூடியைத் திறக்கமாட்டார்கள். பசியோடு இருக்கும் நானூறு பேர் எங்கேயும் போக முடியாது. திருமூர்த்திக்கு வேண்டியது அந்த ஏழு நிமிடம்தான்.

எதிர்த்து நின்றவர் டாக்டர் அரியரட்ணம். யாழ்ப்பாணத்துக்காரர், அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். மன்றத்தில் அவரைப் பிடிக்காதவர் யாரும் இல்லை. காரணம், அவருக்கு எதைப் பற்றியும் ஒரு கருத்தும் கிடையாது. பொங்கல் விழாவுக்குப் போண்டாவா சமோசாவா என்று செயற்குழு ஒன்றரை மணி நேரம் அடித்துக்கொண்டபோது, "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு," என்று சொல்லி இரண்டையும் சாப்பிட்டவர். தேர்தலில் நிற்க வேண்டும் என்று முடிவெடுத்ததுகூட அவர் மனைவி பத்மராணிதான் என்று பேச்சு.

"கருத்தே இல்லாத ஆள் சார். ஈஸியா ஜெயிச்சுடலாம்," என்றான் பக்கத்து வீட்டு சாய்ராம். ரியல் எஸ்டேட் ஏஜென்ட். திருமூர்த்தியின் பிரசாரத்தைத் தானாகவே எடுத்து நடத்திக்கொண்டிருந்தான்.

தேர்தலுக்கு ஆறு நாள் இருக்கும்போது மன்றத்தின் வாட்ஸாப் குழுவில் அது வந்தது. போட்டவன் தீபக். பெரிய நடிகர் ஒருவருடைய ஹூஸ்டன் ரசிகர்களுக்குத் தலைவன். முதல் காட்சிக்கு டிக்கெட் எடுப்பது, திரையில் நடிகர் முகம் தெரிந்ததும் காகிதத் துண்டு வீசுவது, படம் முடிந்ததும் தியேட்டர் மேனேஜர் பார்த்துக்கொண்டு நிற்க அதையெல்லாம் பெருக்கி எடுப்பது எல்லாம் அவன் பொறுப்பு. திருமூர்த்தியின் வலைப்பதிவிலிருந்து நாலு வரியை வெட்டி ஒட்டியிருந்தான்:

"இந்தப் படத்தில் ஹீரோ வில்லனை அடித்ததைவிட இயக்குநர் நம்மை அடித்தது அதிகம். இடைவேளைக்குள் எழுபத்தொரு பேர் பறக்கிறார்கள். எண்ணினேன். வேறு வேலை இல்லை."

கீழே தீபக்கே சேர்த்திருந்தான்: "நம்ம தலைவர் படத்துக்கு இவர் குடுத்த மார்க் ஒன்றேமுக்கால்! இவருக்கா ஓட்டு?"

அதற்குப் பிறகு ஆளாளுக்கு வலைப்பதிவைத் தோண்ட ஆரம்பித்தார்கள். மற்ற ஊர்க் குழுக்களுக்கும் அது பரவியது. மன்றத்துக்குள்ளேயே ஒரு ராக் குழு உண்டு. இரண்டு பல் டாக்டர்கள், மூன்று என்ஜினீயர்கள். கராஜில் ஒத்திகை பார்த்து ஒரு ஆல்பமே வெளியிட்டிருந்தார்கள். அதைப் பற்றித் திருமூர்த்தி எழுதியது கிடைத்தது: "பாடகர் பார்க்கிங் தேடுகிற மாதிரி பாடுகிறார். எட்டாவது பாட்டு வரை இடம் கிடைக்கவில்லை. ஒன்றரை." ராக் குழுவும் அவர்கள் குடும்பங்களுமாகப் பதினெட்டு ஓட்டு. அப்புறம் அரசியல் பதிவுகள் கிடைத்தன. ஜனாதிபதித் தேர்தலில் ஒரு கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் அவர் மற்றக் கட்சி ஆள் என்றார்கள். மற்றக் கட்சிக்குப் போட்டவர்கள் இல்லவே இல்லை, அந்தக் கட்சி ஆள்தான் என்றார்கள். இந்த ஊர்த் தமிழர்களில் இந்த இரு அணியும் ஒரே பக்கம் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

திருமூர்த்தி வருகைக் கணக்கைத் திறந்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு.

"மீனா, இங்க வாயேன்! அறுநூறு பேர்!"

"எல்லாரும் திட்டறாங்கங்க."

"படிச்சுட்டுத்தான திட்டறாங்க?"

அன்றிரவு அவர் சாப்பிடும்போது மூன்று முறை போனை எடுத்துப் பார்த்தார். அறுநூற்று நாற்பது. அறுநூற்று எண்பத்தொன்று.

மறுநாள் சாய்ராம் தலையில் கைவைத்தபடி வந்தான். "சார், ஓட்டு போயிட்டிருக்கு. நீங்க ஹிட்ஸ் எண்ணிட்டிருக்கீங்க. மொத்த ப்ளாகையும் டெலீட் பண்ணுங்க. மெம்பர்ஸ் நூத்து இருபத்தஞ்சு பேர், பாதிப் பேர் இன்னும் படிக்கல. யாராவது கேட்டா அக்கவுண்ட்டை ஹேக் பண்ணிட்டாங்கன்னு சொல்லிக்கலாம்."

"பதினாலு வருஷமாவா ஹேக் பண்ணாங்க?"

"சார், ஜோக்குக்கு நேரமில்ல. ஜெனரல் பாடி மீட்டிங்ல நீங்க ஒரே ஒரு வரி சாரி சொல்லுங்க. அழிச்சாச்சுன்னு சொல்லுங்க. தீபக் ஆளுங்களை நான் பேசிச் சரிக்கட்டிடறேன். நாப்பது ஓட்டு."

அந்த ஏழு நிமிடம் திருமூர்த்தியின் கண்ணுக்குத் தெரிந்தது. மூடிய தட்டுகள், நானூறு முகங்கள். சரி என்றார்.

வியாழக்கிழமை மாலை ஆபீஸிலிருந்து வந்ததும் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தார். "அனைத்தையும் நீக்கவா?" என்று அது கேட்டது. நீக்குவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பழைய பதிவு ஒன்றைத் திறந்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஒரு வாக்கியம் மட்டும் நீளமாக இருந்தது. அதை இரண்டாக உடைத்தார். அடுத்த பதிவைத் திறந்தார். இப்படியே முக்கால் மணி நேரம் போனபோது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் அரியரட்ணம் நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருப்பார் போல. பச்சை நிற ஆபரேஷன் உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"ஓட்டுக் கேக்க வரேல்லை," என்றார் உள்ளே வந்ததும். "குரூப்பில அதைப் போடச் சொன்னது நான் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"அய்யோ, தெரியுங்க டாக்டர். உக்காருங்க."

உட்கார்ந்தார். "இன்னொண்டு. தீபக் ஒண்டேமுக்கால் எண்டு போட்டிருக்கிறான். நீங்கள் குடுத்தது ரெண்டேமுக்கால். ஒரு முழு நட்சத்திரம் பிழை."

திருமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். வந்துபோன எழுநூறு பேரில் ஒருவரும் கண்டுபிடிக்காத பிழை அது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாசிச்சனான். அதுக்குப் பிறகு நீங்கள் மூண்டு கிழமை ஒண்டும் எழுதேல்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமையே ஒரு மாதிரிப் போச்சுது."

"ஞாயித்துக்கிழமையா?"

"காலமை மனிசியைக் கோயில்ல இறக்கிவிட்டுட்டு, கார் பார்க்கில இருந்து வாசிக்கிறது. ஒரு ஏழரை, ஏழு நாப்பது இருக்கும்."

பதினான்கு வருடத்து ரோபோ பச்சை உடுப்பில் சோபாவில் உட்கார்ந்திருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா டாக்டர்? ஒரு கமெண்ட்டாவது போட்டிருக்கலாமே!"

"கமெண்ட் போட்டா எனக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கெண்டு தெரிஞ்சு போகும் ஐசே." அரியரட்ணம் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. "நான் இளந்தாரியா இருக்கேக்க, எங்கட ஊரில அபிப்பிராயம் வைச்சிருந்த ஆக்களை எல்லாம் ஒவ்வொருத்தரா..." மிச்சத்தைக் கையால் சொன்னார். "அப்பவே பழகினது. எதைக் கேட்டாலும் ரெண்டு பக்கமும் நியாயம். இஞ்ச வந்து முப்பது வருசமாச்சு, இப்பவும் போண்டாவுக்குக்கூட அதைத்தான் சொல்லுறன். ஆனா உங்கட எழுத்தை வாசிச்சுப்போட்டு, கார்க் கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு, ஓம், சரியாச் சொன்னான் எண்டு சத்தமாச் சொல்லுவன். சிலவேளை போடா விசரா எண்டும் சொல்லுவன்."

"விசரான்னு எதுக்குச் சொன்னீங்க?"

"போன வருசம் அந்த இங்கிலீஸ் ராக் ஆல்பத்தில வாசிச்ச ட்ரம்ஸ்காரனுக்கு மூண்டரை குடுத்தியள்."

"டாக்டர், அந்த நாலாவது பாட்டுல அவன் வாசிச்சது..."

"சத்தம் ஐசே. வெறும் சத்தம்."

இருவரும் அரை மணி நேரம் அந்த ட்ரம்ஸ்காரனைப் பற்றிச் சண்டை போட்டார்கள். மீனாக்ஷி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, யார் கத்துவது என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

புறப்படும்போது அரியரட்ணம் வாசலில் நின்று தயங்கினார். "அழிக்கப் போறியள் எண்டு சாய்ராம் சொல்லித் திரியிறான். அழிச்சுப் போடாதேங்கோ."

"அழிக்கலேன்னா நீங்கதான் ஜெயிப்பீங்க."

"அது பத்மராணியின்ர பிரச்சினை," என்றார் டாக்டர். "நான் வாசிக்கிறது ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பொதுக்குழு கூடியது. அரியரட்ணம் முதலில் பேசினார். போட்டியிடுகிற இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றார். பலத்த கைதட்டல். அடுத்து திருமூர்த்தி மேடை ஏறினார். சட்டைப் பையில் சாய்ராம் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது: "மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்."

அவர் அதை வெளியே எடுப்பதற்குள் தீபக் எழுந்தான்.

"அங்கிள், ஒரே கேள்வி. நம்ம தலைவர் படத்துக்கு ஒன்றேமுக்கால் குடுத்தீங்களே, அதுக்கு சாரி சொல்வீங்களா, மாட்டீங்களா?"

முன்வரிசையில் சாய்ராம் தன் சட்டைப் பையைத் தட்டித் தட்டிக் காட்டினான். சாரி என்ற ஒரு சொல் போதும். திருமூர்த்தி சீட்டைத் தொட்டார். நான்காவது வரிசையில் அரியரட்ணம் கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டேமுக்கால்," என்றார் திருமூர்த்தி.

"என்ன அங்கிள்?"

"நான் குடுத்தது ரெண்டேமுக்கால். ஒரு முழு நட்சத்திரத்தை எங்க தம்பி போட்ட? ஒண்ணரை உங்க தலைவருக்கு. அந்த அழற சீன்ல நல்லாத்தான் பண்ணியிருந்தாரு, இல்லேங்கல. அரை கேமராமேனுக்கு. அரை, ஹீரோயினுக்கு மூணு வசனம் குடுத்தாங்களே, அந்தப் பெரிய மனசுக்கு. மிச்சம் கால் இடைவேளைக்கு. சரியான நேரத்துல விட்டாங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதற்கு மேல் அவரை நிறுத்த முடியவில்லை. பறந்த எழுபத்தொரு பேரும் எந்தெந்தத் திசையில் போனார்கள் என்று சொன்னார். பல் டாக்டர்கள் முறைத்தார்கள். அவர்கள் ஆல்பத்துக்கு வந்தார். ஒன்றரை என்பது நியாயமான மார்க் என்றும், அதில் ஒன்று முழுக்க பாஸ் கிடாருக்கு என்றும் விளக்கினார். பாஸ் கிடார் வாசிக்கிற என்ஜினீயர் கை தட்டினார். பக்கத்திலிருந்த பல் டாக்டர் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிறகு ஜனாதிபதி விவாதம். இரு அணியினரும் சிரித்தார்கள், தங்கள் ஆளைப் பற்றிச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை. ஒருவரும் எழுந்து போகவில்லை. இறங்கி வந்து நேரத்தைப் பார்த்தார். ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எண்பத்து மூன்றுக்கு நாற்பத்தொன்று என்ற கணக்கில் தோற்றார்.

"நல்லா பேசினீங்க," என்றாள் மீனாக்ஷி காரில். "எதுக்கு ஓட்டுப் போடுவாங்கன்னுதான் தெரியல."

அவர்கள் கிளம்புவதற்கு முன்னால், புதிய தலைவர் கூடத்திலேயே ஏற்புரை நிகழ்த்தியிருந்தார். கொடுத்த ஏழு நிமிடத்தில் நான்கைத்தான் எடுத்துக்கொண்டார். அதற்குள் "ரெண்டு பக்கமும்" ஆறு முறை வந்தது. திருமூர்த்தி எண்ணியிருந்தார். மாலையே பதிவு ஏறியது: "தலைவரின் குரல் இதமாக இருந்தது. மயக்க மருந்தும் அப்படித்தான், ஏறுவது தெரியாமல் ஏறும். ஒன்றேமுக்கால்."

ஞாயிற்றுக்கிழமை அவர் ஏழு மணிக்கே எழுந்து குளித்துவிட்டு மடிக்கணினி முன் உட்கார்ந்தார். தேர்தல் முடிந்துவிட்டது, எழுநூறு பேரில் ஒருவரும் திரும்பி வரவில்லை. வருகைக் கணக்கு பூஜ்யம். ஏழு முப்பத்தெட்டுக்கும் பூஜ்யம். ஏழு நாற்பதுக்கு ஒன்று விழுந்தது.

ஏழு நாற்பத்தாறுக்கு, பதினான்கு வருடத்தில் முதல்முறையாக, பதிவின் கீழே ஒரு கமெண்ட் வந்தது. பெயர் இல்லை.

"உந்தப் பேச்சுக்கு ஒண்டேமுக்கால் கனக்க. நானெண்டால் ஒண்டுதான் குடுப்பன்."

தண்ணீர் குடிக்க வந்த அதிதி அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "வெயிட், யூ காட் எ கமெண்ட்? ஹூ இஸ் இட்?"

"பாட்," என்றார் திருமூர்த்தி. அந்த முக்கால் எதற்குக் கொடுத்தது என்று பதில் எழுத ஆரம்பித்தார்.