ராட்சசன் இருந்த பக்கம்

கல்வி அலுவலகக் கடிதத்தை அம்மா பத்து முறையாவது படித்திருப்பாள். பண்டைய வரலாற்றில் மாணவி எதுவும் படித்ததாகத் தெரியவில்லை. மூன்று வாரத்தில் மறு ஆய்வு. அப்போதும் இதே நிலை என்றால் வீட்டுக்கல்வி அனுமதி ரத்து.

மகளுக்குப் பதினான்கு வயது. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். போன வருடம் பள்ளி வாசலில் மூச்சு முட்டி விழுந்தவளை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில்தான் படிப்பு. மறுபடி அந்த வாசலில் அவளைக் கொண்டுபோய் நிறுத்த அம்மா தயாராக இல்லை.

நூலகத்தில் தேடினாள். கிடைத்தவை குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள், இல்லாவிட்டால் தலையணை கனத்தில் ஆராய்ச்சி நூல்கள். கடைசியில் இணையத்தில் ஓர் இலவசப் பாடத்திட்டம் அகப்பட்டது. காணொளி, வரைபடம், கேள்வித்தாள் எல்லாம் இருந்தன. தான் லென்ஸ் பொருத்தும் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே அறுபது பக்கம் அச்செடுத்து வந்தாள். சிட்டு இரண்டு வாரம் விழுந்து விழுந்து படித்து, நோட்டில் குறிப்பு எழுதினாள்.

ஆய்வு நாள் காலையில் நூலகரம்மா போன் செய்தார். பாடத்திட்டத்தைச் சரிபார்க்கச் சொல்லி அம்மாதான் அவருக்கு அனுப்பியிருந்தாள்.

“ஏம்மா, இதையா பொண்ணுக்குக் குடுத்தீங்க? பிரமிடை ராட்சசங்க கட்டினாங்கன்னு போட்டிருக்கான். எலும்புக்கூடு படமெல்லாம் ஒட்டு வேலை. எழுதினவன் பேர்கூட இல்ல!”

“ஐயோ, இன்னும் ரெண்டு மணி நேரத்துல ஆபீசர் வந்துடுவாரும்மா.”

“பதறாதீங்க. பிரமிடுக்குக் கல் கொண்டுபோன படகுக் குழுத் தலைவனோட நாட்குறிப்பு நிஜமாவே கிடைச்சிருக்கு. அதோட மொழிபெயர்ப்பை அனுப்புறேன், படிக்கச் சொல்லுங்க.”

விஷயத்தைக் கேட்டதும் சிட்டு போனை வாங்கிக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா அறுபது பக்கத்தையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, கதவில் காதை வைத்து மகளின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள்.

அதிகாரி தண்ணீர்கூட வேண்டாம் என்றார். சிட்டுவின் வரலாற்று நோட்டைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். தாள்களை ஒளித்த அம்மா நோட்டை மறந்திருந்தாள்.

“இந்த ராட்சசன் எங்கேருந்து வந்தான்?”

“அது... சும்மா கதைக்காக சார்...” அம்மா முந்திக்கொண்டாள்.

“இல்ல சார்,” என்றாள் சிட்டு. “நம்பித்தான் எழுதினேன். பொய்யின்னு இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது.”

“எப்படித் தெரிஞ்சுது?”

“நூலகத்து அம்மா சொன்னாங்க. அப்புறம் நானே படகுக்காரர் எழுதினதைப் படிச்சேன். கல்லை எங்க ஏத்தினாங்க, எங்க தங்கினாங்கன்னு நாள்வாரியா இருக்கு. அந்தப் பாடத்துல ராட்சசனை... யாரு பார்த்தாங்கன்னே... இல்ல சார்...”

மூச்சு திணறியது. அம்மா பாதி எழுந்துவிட்டாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“மெதுவா சொல்லும்மா. எனக்கு அவசரமில்ல.”

சிட்டு மூச்சைப் பிடித்துப் பிடித்துச் சொல்லி முடிக்க அரைமணி ஆனது. அவர் குறுக்கே பேசவேயில்லை. கடைசியில், “ராட்சசனைக் கிழிச்சுப் போட்டுடாதே. பக்கத்துலயே திருத்தம் எழுது,” என்று சொல்லிவிட்டு ஆறு மாத அனுமதியில் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் அம்மா கதவைத் தாழிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிட்டுவும் வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

“ஆறு மாசம் கழிச்சு இவரே வருவாராம்மா?”

“தெரியலடி. அவர் சொன்ன திருத்தத்தை முதல்ல எழுதி வை.”