செண்பகாதேவிக்கு ஐம்பத்தோராவது இடம்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம் போகிற வண்டி. முன்சீட்டுக்காரர் திரும்பித் தன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "சார், இந்த லிஸ்ட்டு எப்ப மாறும்? காலையிலயா, மத்தியானத்துக்கு மேலயா?" என்று கேட்டார். பார்த்தால் உலகப் பல்கலைக்கழகங்களின் தரவரிசை. வருஷத்துக்கு ஒரு தரம்தான் மாறும் என்றேன். விவரம் தெரியாத ஆளிடம் கேட்டுவிட்டோமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அய்யாக்குட்டி என்று நான்தான் வைத்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஓர் ஆனி மாதக்

வேண்டாம். குற்றாலத்தைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் எல்லோரும் முதல் வரியிலேயே நனைந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் முயற்சி: அய்யாக்குட்டிக்கு ஒரே மகள். இது பரவாயில்லை, உலர்ந்திருக்கிறது. இப்படியே போகலாம்.

அய்யாக்குட்டிக்கு ஒரே மகள், உலகம்மை. அவருக்குப் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை. மகளுக்கோ பாசியின் மேல் பைத்தியம். பாறையில் படர்ந்து, குளிக்க வருகிறவர்களை மல்லாத்துமே, அந்தப் பாசிதான். அதை ஆராய்ச்சி செய்ய வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவளுக்கு இடமும் முழு உதவித்தொகையும் கொடுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் 'வருகிறேன்' என்று பதில் போட வேண்டும். போடாவிட்டால் இடம் போய்விடும். கதை அவ்வளவுதான். மீதியெல்லாம் அய்யாக்குட்டி அடித்த கூத்து.

3

அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கதையைக் கீழே வைத்துவிட்டு, அது எத்தனையாவது இடம் என்று தேடப் போவீர்கள். அதற்கப்புறம் உலகம்மையை நீங்கள் பார்க்கிற பார்வையே வேறாகிவிடும். [நான் தேடினேன். வேறாகிவிட்டது.]

ஆகவே அதற்குச் செண்பகாதேவி என்று பெயர் வைக்கிறேன். குற்றாலத்தில் மலைக்கு மேலே, காட்டுக்குள் இருக்கிற அருவி; கீழே முண்டியடிக்கிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உலகம்மைக்கு இடம் தராத, ஆனால் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு, அந்தக் கூட்டம் குளிக்கிற பேரருவியின் பெயர். பக்கத்துக் கடை ஜெபஸ்டினின் மகள் ஜெஸி அங்கேதான் படிக்கிறாள். வெங்காயம் விலை கேட்க வருகிறவர்களிடம் ஜெபஸ்டின் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் வெங்காயத்துக்கே வருவார்.

4

செண்பகாதேவி எத்தனையாவது என்பதுதான் அய்யாக்குட்டி மகளிடம் கேட்ட முதல் கேள்வி. போன வருஷம் முப்பத்தெட்டு, இந்த வருஷம் ஐம்பத்தொன்று என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"ஏட்டி, ஒரே வருஷத்துல பதிமூணு எறங்கிருக்கு. எறங்குத மார்க்கெட்டுக்கு எவனாவது லோடு ஏத்துவானா? பொறு. ஏறட்டும்."

அன்றிலிருந்து விடிகாலையில் தக்காளி விலை பார்த்த கையோடு செண்பகாதேவியையும் பார்த்தார். திங்கள்கிழமை ஐம்பத்தொன்று. செவ்வாயும் அதே. ஸ்டெடியாக நிற்கிறது, இனி ஏற்றம்தான் என்று மகளைத் தேற்றினார். புதன்கிழமை வேறு யாரோ போட்ட பட்டியல் ஒன்று கண்ணில் பட்டது. அதில் இருபத்தொன்பது. மூன்றாவதாக ஒரு பட்டியலில் செண்பகாதேவியின் பெயரே இல்லை. ஒரு மூட்டையை மூன்று தராசில் போட்டால் மூன்று எடையா என்று அய்யாக்குட்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் ஒருபக்கம் இருந்தாலும், ஜெபஸ்டினிடம் இருபத்தொன்பது என்றே சொல்லிவைத்தார்.

5

இதுவரை எழுதியதைப் பாவூர்சத்திரத்து நண்பர் செந்தில்வேலிடம் படிக்கக் கொடுத்தேன். "வெல எறங்குனா யாவாரி வாங்கத்தான செய்வான்? ஒம்ம ஆளு என்ன, வெவரம் கெட்டவனா?" என்று கேட்டுவிட்டார்.

கதையை மூடி வைத்துவிட்டுச் சும்மா சுற்றினேன். அப்புறம்தான் உறைத்தது. அய்யாக்குட்டி எதையும் வாங்கவில்லை, மகளை அனுப்புகிறார். பொத்திப் பொத்தி வளர்த்ததைக் கண்காணாத ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அது நல்ல இடம்தானா என்று யாரிடம் கேட்பது? ஒரு நம்பர் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டார். மனிதர் பயந்து போயிருக்கிறார். இது புரிந்த பிறகுதான் அவர்மேல் எனக்குப் பிரியம் வந்தது.

[செந்தில்வேலின் இன்னொரு கேள்வி: அந்தப் பிள்ளை கையில் போன் இல்லையா, அதுவே பதில் போட்டால் என்ன? போடலாம்தான். அப்பா வாயால் ஒரு 'சரி' கேட்காமல் அவ்வளவு தூரம் போக அவளுக்கு மனம் வரவில்லை. ஒற்றைப் பிள்ளைகளுக்கு இந்த வியாதி உண்டு.]

6

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. தலையில் தண்ணீர் விழுந்தாலாவது மனிதருக்குப் புத்தி வரட்டும் என்று உலகம்மையின் அம்மா எல்லோரையும் குளிக்கக் கிளப்பிவிட்டாள். (இது நிஜ அருவி. பெயர்க் குழப்பம் வேண்டாம் என்று ஐந்தருவிக்கு அனுப்புகிறேன்.)

எண்ணெய் தேய்த்துக் குளித்து, துவட்டியும் துவட்டாமலும் அப்பாவும் மகளும் மிளகாய் பஜ்ஜி தின்றார்கள். அய்யாக்குட்டி போனைத் திறந்து பார்த்தார். ஐம்பத்தொன்று. திங்கட்கிழமை வரை தவணை கேட்டுப் பாரேன் என்றார். கேட்க முடியாது, இன்றோடு முடிகிறது என்றாள் உலகம்மை. அவர் இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு வேறொன்று கேட்டார்.

"சரிட்டி, அவங்க ஒன்னைய எத்தனாவதா வச்சிருக்காவ?"

இந்தக் கேள்வி என் குறிப்புகளில் இல்லை. அவராகத்தான் கேட்டார். அந்த ஆராய்ச்சிக்கு இருந்தது ஒரே ஓர் இடம். தேர்வுப் பட்டியலில் உலகம்மை மூன்றாவது. முதல் இரண்டு பேரும் பேரருவியில் இடம் கிடைத்ததென்று அங்கே போய்விட்டார்கள். செண்பகாதேவியின் பேராசிரியையே ஒளிக்காமல் சொன்னதை அவளும் ஒளிக்காமல் சொன்னாள்.

அய்யாக்குட்டி கடித்த பஜ்ஜியைத் தாளிலேயே வைத்தார். "மூணாவதா? எம் மவளா? ஒன்னைய பத்தி அவங்களுக்கு என்னட்டி தெரியும்?" அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

உலகம்மை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணாவதுன்னு தெரிஞ்சும் அவங்க என்னைய வான்னுட்டாவப்பா. நீங்கதான் அம்பத்தொண்ணுன்னு அவங்கள காக்க வைக்கிய."

அய்யாக்குட்டி பஜ்ஜித் தாளைக் கசக்கினார், பிரித்தார், மறுபடி கசக்கினார். அப்புறம் கையை நீட்டினார்.

"ஒன் போனக் குடு."

7

முடிவு அ: அவர் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு, போனில் தொட்டது பதியவில்லை. மகளின் விரலைப் பிடித்து 'வருகிறேன்' என்பதில் அமுக்கினார். நன்றாகத்தான் இருக்கிறது. இவ்வளவு நன்றாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

முடிவு ஆ: முதலில் ஜெபஸ்டினைக் கூப்பிட்டார். நம்பர் எதுவும் கேட்கவில்லை. ஜெஸி அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். அந்தப் பக்கம் ஜெபஸ்டின் வெங்காயத் தராசைக் கீழே வைத்துவிட்டு

இதற்கு மேல் எழுதினால் நான் அழுதுவிடுவேன். சிரிக்க வைக்கிற கதை என்று நம்பி உட்கார்ந்தேன்.

முடிவு இ: திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று போனைச் சட்டைப்பையில்

கை வரவில்லை.

பின்னாளில் உலகம்மை என்ன ஆனாள் என்றும் எழுதப் போவதில்லை. கொடிகட்டிப் பறந்தாள் என்று எழுதினால், ஐம்பத்தொன்று நல்ல இடம்தான் என்பீர்கள். சறுக்கினாள் என்றால், அப்பன் பொறுக்கச் சொன்னது சரி என்பீர்கள். எப்படி எழுதினாலும் அந்தப் பிள்ளை கழுத்தில் ஒரு நம்பர் தொங்கிவிடும்.

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். போன் அய்யாக்குட்டி கையில் இருக்கிறது. பக்கத்தில் உலகம்மை ஈரத் தலையோடு நிற்கிறாள். மூன்றில் எந்த முடிவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், நாலாவதாக ஒன்று உங்களிடம் இருந்தால் இன்னும் நல்லது. எது சிறந்தது என்று மட்டும் வரிசைப்படுத்திக்கொண்டிருக்காதீர்கள். சாயங்காலம் ஆகிவிட்டது, பிள்ளை காத்திருக்கிறாள்.