வால் சுருண்ட எழுத்து

என் மனைவி ஓர் அச்சகத்தில் டிசைன் செய்கிறவள். அவள் உட்காரும் கம்ப்யூட்டர் எங்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. காலையில் டிசைன் மென்பொருளைத் தட்டிவிட்டால், அது திறப்பதற்குள் கடையைப் பெருக்கி, குடிதண்ணீர் பிடித்து வைத்து, பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் ஊர்க்கதையும் பேசி முடித்துவிடுவாள். அப்புறம் ஒரு படத்தை விரற்கடை தூரம் இழுத்தால், மூன்று தரம் கூப்பிட்ட பிறகு சாப்பிட எழுந்து வரும் மாப்பிள்ளை மாதிரி அது நகர்ந்து வரும்.

போன வாரம் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. நல்ல மனிதர்தான், புது மெஷின் வாங்க இப்போது வழியில்லை.

"தங்கச்சி, காத்திருக்க மாட்டாம ஆளுங்க எதிர்க்கடைக்குப் போறாங்க. டிசைனை வெளியில குடுத்துடலாம். நீ முன்னாடி உக்காந்து ஆர்டர் எடு" என்றிருக்கிறார்.

அன்று இரவு அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "ஆர்டர் எடுக்கறது ஒண்ணும் கேவலமில்லீங்க. ஆனா எழுத்தத் தொடாம நான் அங்க என்ன பண்றது?"

நான் வேறொரு அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவன். "சனிக்கிழமை வந்து பாக்கறேன். அதுக்கப்புறம் உங்க முதலாளியண்ணன் முடிவு பண்ணட்டும்" என்றேன்.

சனிக்கிழமை பெட்டியைத் திறந்தேன். தலையணைக்கு அடைக்கிற அளவுக்குத் தூசி. ஊதித் தள்ளியதும் உள்ளிருந்த விசிறி இரைச்சலை நிறுத்தியது. ஹார்ட் டிஸ்க்கில் குப்பையாய்க் கிடந்த தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். வீட்டில் சும்மா கிடந்த மெமரி ஒன்றைக் கொண்டுபோய்ச் செருகினேன். கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாக எழுந்தது. டிசைன் மென்பொருள் மட்டும் அசையவில்லை.

"டாக்டரே, நோயாளி இன்னும் கண்ணத் தொறக்கலையே" என்றாள்.

"நர்ஸு கொஞ்சம் வாய மூடினா தொறக்கும்."

கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தேன். மென்பொருள் திறக்கும்போது, என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கீழே ஒரு பொடி வரி ஓடுமல்லவா? அது எழுத்துருக்களை ஏற்றுகிற இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. அவை இருக்கும் ஃபோல்டரைத் திறந்தேன். உருட்டினேன், உருட்டினேன், அடி தெரியவில்லை.

"அடியே, இத்தனை ஃபான்ட்டா? யாரு குடுத்தது?"

"வர்றவங்க குடுக்கறதுதான். இது பல் டாக்டரோடது, அவங்கம்மாவுக்கு உருண்டை எழுத்துன்னா பிடிக்கும். இது ரொட்டிக்கடை. திரும்ப வந்து அதே எழுத்து வேணும்னா நான் எங்க போவேன்? அதான் எதையும் எடுக்கறதில்ல."

"ஒவ்வொரு தடவ தொறக்கும்போதும் அது இத்தனை பேரையும் கூப்பிட்டு உக்கார வைக்குது. பாவம், அது என்ன பண்ணும்?"

நடுவில் ஓர் எழுத்துரு கண்ணில் பட்டது. எழுத்துக்கு எழுத்து பன்றிவால் மாதிரி சுருள்.

"இத எந்த மகராசன் குடுத்தான்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "விசிட்டிங் கார்டு போட வந்த ஒருத்தர். வால ஒரு நூல் ஏத்துங்க, ஒரு நூல் எறக்குங்கன்னு வந்துட்டே இருந்தாரு. கார்டு முடிஞ்சும் வந்தாரு. கடைசியில பொண்ணு கேட்டு எங்க வீட்டுக்கே வந்தாரு."

"அத முதல்ல வெளிய எடு" என்றேன். காது சூடாகிவிட்டது.

அழிக்க அவள் சம்மதிக்கவில்லை. அழிக்கத் தேவையும் இல்லை. தினமும் புழங்குவதை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, மற்றதைத் தனி ஃபோல்டரில் வாடிக்கையாளர் வாரியாகப் போட்டு வைக்கச் சொன்னேன். வேண்டும்போது ஏற்றிக்கொள்ளலாம். நான் டீ குடிக்கப் போனேன். அவள் உட்கார்ந்து பிரித்தாள். திரும்பி வந்து தட்டினேன். அவள் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் மென்பொருள் திறந்து நின்றது. முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து சலூன்காரர் உள்ளே வந்தார். கடை போர்டில் போன் நம்பர் மாற்ற வேண்டுமாம். அவள் பழைய கோப்பைத் திறந்தாள். அதன் எழுத்துரு வெளியே போயிருந்ததால், தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியும்.

"என்னம்மா இது, என் கடைப் பேரு கெட்ட வார்த்த மாதிரி இருக்கு?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒரு நிமிஷம் இருங்கண்ணே. உங்களுது அந்த மீச வச்ச எழுத்து" என்றாள் அவள். நேராக ஃபோல்டருக்குப் போய், தேடாமல் ஒன்றை எடுத்து ஏற்றி, கோப்பை மறுபடி திறந்தாள். மீசையோடு பெயர் வந்து நின்றது. இழுத்த இழுப்புக்குப் படம் நகர்ந்தது. நம்பரை மாற்றி அச்சுக்கு அனுப்பினாள்.

சலூன்காரர் போனதும் முதலாளி தொண்டையைச் செருமினார். "சரி தங்கச்சி. ஆர்டர நானே எடுத்துக்கறேன்."

கிளம்பும் முன் கடைசியாக ஒரு தரம் உள்ளே என்னென்ன இருக்கிறதென்று பார்த்தேன். தினமும் புழங்கும் எழுத்துகளுக்கு நடுவே அந்தச் சுருள் வால்.

"இத எடுக்கச் சொன்னேனே?"

"தெனமும் வர்ற கஸ்டமரோடத மட்டும் உள்ள வைக்கச் சொன்னது நீங்கதானே" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மென்பொருளை மூடி இன்னொரு தரம் திறந்து பார்த்தேன். அது ஒன்றால் வேகம் குறையவில்லை.