ரோவீனாவின் வண்டி எவ்வளவு குடிக்கும்

ரோவீனா பென்ஹாலுக்கு முப்பத்தொன்பது வயதாகியும் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி கிடையாது. க்ளீவ் வட்டாரத்தில் இதை வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கும். அங்கே பள்ளிக்கூட ஆசிரியை, பாதிரியார், பல் வைத்தியர் எல்லோருமே யூட் எனப்படும் பிக்கப்பைத்தான் ஓட்டினார்கள். பின்னால் திறந்த தட்டு, தட்டில் ஒரு நாய். ரோவீனாவிடம் இருந்ததோ ஒரு சின்ன நீலக் கார்.

இதுவரை அவளுக்கு யூட் தேவைப்படவில்லை. பதினோரு வருடமாக ஹக் மடாக்கின் தேனீக் கூடுகளைத்தான் அவள் பார்த்துக்கொண்டாள். முந்நூறு கூடுகள், அவருடைய லாரி, அவர் சொல்லும் பாதை. இந்த மார்ச்சில் முதுகு வலி தாங்காமல் மடாக் தொழிலை மூட்டை கட்டினார். லாரி போர்ட் லிங்கனில் யாருக்கோ போயிற்று. கூடுகளில் அறுபதை ரோவீனா வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரமே லாக்ஸ்டனில் உள்ள பாதாம் தோட்டத்திலிருந்து பேசினார்கள். ஆகஸ்டில் பாதாம் பூக்கும்போது, மகரந்தச் சேர்க்கைக்காக, வாடகைக்கு அறுபது கூடுகளும் அங்கே இருக்க வேண்டும்.

லாக்ஸ்டன் அறுநூறு கிலோமீட்டர். ஒரு யூட்டில் இருபது கூடுதான் ஏறும். மூன்று நடை கொண்டுபோக, மூன்று நடை திருப்பிக் கொண்டுவர. சமையலறை மேசையில் உட்கார்ந்து தூரத்தைக் கூட்டிப் பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. பயத்தில் இல்லை. தன் பெயரில், தன் கூடுகளோடு, தன் வண்டியில் அவ்வளவு தூரம் போகப்போகிறோம் என்ற நினைப்பே அவளை உட்காரவிடவில்லை. ஆனால் வண்டி டீசலைக் குடித்துத் தீர்த்தால் பாதாம் தோட்டம் கொடுப்பது அத்தனையும் வழியிலேயே கரைந்துவிடும். எடுப்பது எந்த வண்டியாக இருந்தாலும் குறைவாகக் குடிப்பதாக இருக்க வேண்டும்.

ஜூன் மாதத்து ஒரு வியாழக்கிழமை காலையில் லெஸ்டர் லீபிக்கின் வண்டிக் கடைக்குப் போனாள். கூடவே அண்ணன் டார்சியும் வந்தான். விதைப்பு முடிந்து கோதுமை முளைத்துக்கொண்டிருந்ததால் அவனுக்கு வேறு வேலை இல்லை. கூப்பிடாமலே வந்து ஏறிக்கொண்டான். அவன் ஓட்டுவது எட்டு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. அது நின்ற இடத்திலேயே குடிக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

கடை வாசலில் இரண்டு வெள்ளை யூட்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"இதுல இருக்கிறது சின்ன டீசல் என்ஜின். அதுல பெருசு," என்றார் லெஸ்டர். "மத்தபடி ரெண்டும் ஒரே வயித்துப் புள்ளைங்க. சின்னதுதான் கம்மியா குடிக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகத்துல என்ன வேணா போடுவான்," என்றான் டார்சி. "எழுதுனவன் பின்னாடி இருபது தேன்கூட்டை ஏத்திக்கிட்டா ஓட்டிப் பாத்தான்? ரோ, பெருச எடு. யோசிக்காத."

"ஏன் பெருசு?"

"பெருசுன்னா பெருசுதான். அதுக்கு என்ன காரணம் வேணும்?"

ரோவீனா சின்ன என்ஜின் வண்டியின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பிறகு பெரியதில் போய் உட்கார்ந்தாள். இரண்டிலும் ஒரே புது வாசனை, ஒரே உயரம், கண்ணாடி வழியே ஒரே தெரு. இரண்டையுமே இப்போதே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும்போல் இருந்தது. அப்படி ஆசை முற்றி நிற்கும்போது வாங்கக் கூடாது என்று தன்னைத் தானே பிடித்து நிறுத்திக்கொண்டு இறங்கினாள்.

"லெஸ்டர், சனிக்கிழமை ஒரு நாள் ரெண்டு வண்டியையும் என்கிட்ட குடுங்க. பாரம் ஏத்தி ஓட்டிப் பாக்கணும். எது எவ்வளவு குடிக்குதுன்னு நானே அளந்துக்கிறேன்."

லெஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பத்திரண்டு வருஷமா வண்டி விக்கிறேம்மா. டயரை எத்திப் பாப்பாங்க. ஹாரனை அடிச்சுப் பாப்பாங்க. இதை ஒருத்தர்கூடக் கேட்டதில்ல."

"முடியாதுன்னா சொல்லுங்க."

"யார் முடியாதுன்னா? எனக்கும் தெரியணும்தானே. புத்தகத்துல இருக்கிறதையே இத்தனை வருஷமா கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிட்டிருக்கேன்."

சனிக்கிழமை வெயிலடித்தது. காற்று துளியும் இல்லை. இரண்டு வண்டிகளின் தட்டிலும் நான்கு நான்கு பீப்பாய்களை ஏற்றி, தண்ணீர் நிரப்பிக் கட்டினார்கள். பிறகு பெட்ரோல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே வேலை பார்க்கும் ஜோலீன் விஷயத்தைக் கேட்டதும் கல்லாவை விட்டு வெளியே வந்தாள். இரண்டு டேங்கையும் விளிம்பு வரை தன் கையாலேயே நிரப்பினாள். திரும்பி வந்ததும் மறுபடி விளிம்பு வரை நிரப்புவது. எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவுதான் வண்டி குடித்தது.

"நான் சொல்ற வரைக்கும் யாரும் மூடியைத் தொடக் கூடாது," என்றாள் ஜோலீன். "குறிப்பா நீ, டார்சி."

"நான் என்ன பண்ணேன்?"

"இனிமேதான் பண்ணுவ."

பாதை முன்பே முடிவாகியிருந்தது. க்ளீவிலிருந்து இறங்கிக் கடலோரம் கோவல், அங்கிருந்து கரையை ஒட்டி ஆர்னோ பே, அப்புறம் குன்றேறி மறுபடி க்ளீவ். நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். நூறுக்கு மேல் வேகம் கூடாது. முதல் சுற்றில் ரோவீனா சின்ன என்ஜின், டார்சி பெரியது.

முன்னால் போனது டார்சி. வளைவுக்கு வளைவு அவன் வண்டியின் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிவதையும், வளைவு முடிந்ததும் வண்டி எம்பிப் பாய்வதையும் ரோவீனா பின்னாலிருந்து பார்த்தாள். அவளோ மிதிக்க வேண்டிய இடத்தில் மிதித்து, விட வேண்டிய இடத்தில் விட்டு, வண்டியை அதன் போக்கில் ஓடவிட்டாள். மடாக்கின் லாரியில் கற்ற பழக்கம் அது. பின்னால் தேனீக்கள் இருக்கும்போது யாரும் பிரேக்கை ஓங்கி மிதிப்பதில்லை.

திரும்பி வந்தபோது பக்கத்து பேக்கரியிலிருந்து நாலைந்து பேர் கையில் பாஸ்டி என்ற இறைச்சிப் பலகாரத்தோடு வந்து நின்றிருந்தார்கள். ஜோலீன் குனிந்து நிரப்பினாள். சின்ன என்ஜினுக்குள் பன்னிரண்டு லிட்டர் போயிற்று. பெரியதற்குள் பதினேழு.

ரோவீனா டார்சி பக்கம் திரும்பினாள். "பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன் பாத்தேன்," என்றான் டார்சி. சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டான். "சின்ன வண்டி சாதுதான். ஒத்துக்கிறேன்."

"ஒத்துக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் வண்டியை மாத்திக்குங்க," என்றார் லெஸ்டர். "இன்னொரு சுத்து."

மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டாம் சுற்று முடிந்தபோது கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. பெரிய என்ஜினை ஓட்டி வந்தவள் ரோவீனா. ஜோலீன் குழாயை வைத்தாள், பன்னிரண்டரையில் நின்றது. அடுத்து டார்சி ஓட்டிய சின்ன என்ஜின். பத்தைத் தாண்டியது, பன்னிரண்டைத் தாண்டியது, பதினைந்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பதினேழேகாலில் நின்றது.

ஜோலீன்தான் முதலில் சிரித்தாள்.

"அப்போ என்ஜின் குடிக்கல," என்றாள். "டார்சியோட கால்தான் குடிக்குது."

பேக்கரிக் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டார்சி பூட்ஸைத் தூக்கி அடிப்பாகத்தை நிஜமாகவே பார்த்தான். "நூறைத் தாண்டவே இல்ல, சத்தியமா," என்றான். பிறகு தன் எட்டு சிலிண்டர் வண்டிக்கு இத்தனை வருடம் ஊற்றியதெல்லாம் நினைவுக்கு வந்ததுபோல் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் அவனாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆக, ரோவீனாவின் காலுக்கு இரண்டு என்ஜினும் ஏறக்குறைய ஒன்றுதான். சின்னது அரை லிட்டர் குறைவு. திங்கட்கிழமை வந்து சின்னதற்கே கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிறு முழுதும் அந்த வண்டியைப் பற்றித்தான் நினைப்பு. தட்டுக்கு எப்படிக் கயிறு கட்டுவது, எந்தப் பக்கம் தண்ணீர்க் கேனை வைப்பது என்று காகிதத்தில் படம்கூடப் போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் வடமேற்குக் காற்று கிளம்பியது. தகரக் கொட்டகை தடதடத்தது. கடைக்குப் போகும் வழியில், வயலோரம் அடுக்கி வைத்திருந்த தன் கூடுகளின் கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க இறங்கினாள். காற்று தொப்பியைப் பறித்தது, கண்ணில் மண்ணை வாரி அடித்தது. அடுக்கி வைத்த கூடுகளின் மறைவில் போய்க் குந்தி உட்கார்ந்தாள். அங்கே காற்றே இல்லை. தலைமுடிகூட அசையவில்லை.

தொப்பியைச் சரிசெய்யப் போன கை அப்படியே நின்றது. ஏதோ உறைத்து, எழுந்து நின்று பார்த்தாள். காற்று முகத்தில் அறைந்தது. மறுபடி குந்தினாள், அமைதி. ஓர் அடுக்குக் கூடு காற்றை இப்படி முழுசாகத் தடுக்கிறது. சனிக்கிழமை ஏற்றிய பீப்பாய்களோ ஓட்டுநர் இருக்கும் அறையின் உயரத்தைக்கூடத் தாண்டவில்லை. போதாக்குறைக்கு அன்று காற்றும் இல்லை. ஆகஸ்டில் இருபது கூடுகளை உயர அடுக்கிக்கொண்டு இதே காற்றுக்குள்தான் அவள் போக வேண்டும்.

காருக்கு ஓடினாள்.

"டார்சி," என்றாள் ஃபோனில், "உன்கிட்ட கோதுமை எவ்வளவு இருக்கு?"

"எதுக்கு?"

"காலிப் பெட்டிக்குள்ள கொட்டணும். காத்து நிக்கிறதுக்குள்ள வா."

டார்சி முணுமுணுத்துக்கொண்டே வந்தான். காலித் தேன்பெட்டிகளுக்குள் எடை பார்த்துக் கோதுமையைக் கொட்டி, கூடுகளை அடுக்குவது போலவே உயர அடுக்கி, பட்டை போட்டு இறுக்கினார்கள். இந்த முறை டார்சிக்கு ஸ்டீயரிங்கே கிடையாது என்று ஜோலீன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இரண்டு வண்டியையும் ஒன்றன்பின் ஒன்றாக ரோவீனாவே ஓட்டுவது. நடுவில் பெட்டிகளை இறக்கி ஏற்றுவது டார்சியும் லெஸ்டரும்.

முதலில் சின்ன என்ஜின். கோவல் வரை ஒன்றும் தெரியவில்லை; காற்று பின்னாலிருந்து தள்ளியது. ஆர்னோ பேயில் திரும்பிக் குன்றேறத் தொடங்கியதும் காற்று நேரே மார்பில் மோதியது. வண்டி ஒரு கியர் இறங்கியது. பிறகு இன்னொன்று. என்ஜின் அலறியது, வேகம் எழுபதுக்கு விழுந்தது. மிதியை இதற்கு மேல் அழுத்த இடமில்லை. ரோவீனா ஸ்டீயரிங்கைத் தட்டி, "வா, வா, வந்துடு," என்று மாட்டை ஓட்டுவதுபோல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெரியது அதே குன்றில் ஒரே ஒரு கியர் இறங்கியது. உறுமியது, ஆனால் அலறவில்லை. மேட்டின் உச்சியில் க்ளீவின் கோதுமைக் கிடங்குகள் தெரிந்தபோது ரோவீனா வாய்விட்டுச் சிரித்தாள். பதில் அவள் உடம்புக்கே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அளந்து பார்க்க நேரே பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைந்தாள்.

"சின்னது பதினெட்டு," என்றாள் ஜோலீன். பேக்கரிக்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டே வந்திருந்தார்கள். "பெருசு..." குழாய் டக்கென்று நின்றது. இன்னும் கொஞ்சம் சொட்டுச் சொட்டாக விட்டு விளிம்பைப் பார்த்தாள். "பெருசு பதினஞ்சு."

லெஸ்டர் அந்த எண்களைத் தன் வண்டிப் புத்தகத்தின் ஓரத்திலேயே பேனாவால் எழுதிக்கொண்டார். "இனிமே கேக்கிறவங்ககிட்ட இதைத்தான் சொல்லப்போறேன்," என்றார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றான் டார்சி. தலையிலிருந்து கால்வரை கோதுமைத் தூசி. "பெருசு எடுன்னு."

"சொன்ன. ஏன்னு உனக்கே தெரியாம சொன்ன."

"சரியா சொன்னேனா இல்லையா?"

"சரியாத்தான் சொன்ன," என்றாள் ரோவீனா. அவன் தோளைத் தட்டிவிட்டாள், தூசி பறந்தது. "ஆனா ஓட்டுறேன்னு மட்டும் எப்பவும் கேக்காத."

நாலரை மணிக்குக் கையெழுத்துப் போட்டாள். லெஸ்டர் சாவியைக் கொடுத்தபோது அவள் அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல மறந்து, வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொன்னாள். நீலக் காரை டார்சி ஓட்டிக்கொண்டு போனான்.

வெறுந்தட்டோடு புது வண்டி பஞ்சுபோல் ஓடியது. வீட்டு வாசல் வந்தது. ரோவீனா வேகத்தைக் குறைத்தாள். இறங்கிக் கேட்டைத் திறக்க வேண்டும், வண்டியைக் கொட்டகையில் விட வேண்டும், என்ஜினை அணைக்க வேண்டும். அணைக்க மனசு வரவில்லை. கேட்டைத் தாண்டி நேரே போனாள்.

இருபது நிமிடத்தில் ஆர்னோ பே. மரப்பாலம் கடலுக்குள் நீண்டு கிடந்தது. காற்று இன்னும் ஓயவில்லை. பாலத்தில் ஒருவர்கூட மீன்பிடிக்கவில்லை. பொரித்த உருளைக்கிழங்கு ஒரு பொட்டலம் வாங்கிவந்து வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். புது இருக்கையில் உப்பு சிந்தியது. துடைத்தாள். மறுபடி சிந்தியது, விட்டுவிட்டாள்.

ஃபோன் அடித்தது. டார்சி.

"உன் வீட்டு வாசல்ல நிக்கிறேன். எங்க இருக்க?"

"ஆர்னோ பேல."

"அங்க என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல."

டார்சியின் குரலில் பெரிய திருப்தி தெரிந்தது. "மூணு லிட்டர் மிச்சம் பண்ண மூணு நாள் என்னை அலைய வச்சு, மூட்டை தூக்க வச்ச. இப்ப சும்மா கடல் பாக்கப் போயிருக்க."

"ஆமா."

"எப்படி இருக்கு?"

"வந்து நீயே உக்காந்து பாரு," என்றாள் ரோவீனா. "பக்கத்து சீட்டுல."