பத்தொன்பதாவது படம்

சக்ரவர்த்திக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது. இந்த முறை அது பெண்ணின் கல்யாணத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

திருப்புட்குழி சம்பந்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பத்திரிகை அசையும் ஜிஃப் படம். மேலே வடகலை நாமம், கீழே குத்துவிளக்கு. சுடர் ஆட, பூ உதிர, பெயர்கள் வரும். எல்லாம் சரிதான். ஆனால் கண் இமைக்கும் நேரத்துக்கு நாமத்தின் அடியில் என்னவோ பளிச்சிட்டது.

"ஜெயலக்ஷ்மி, பாதம் தெரியறதுடீ! அவா தென்கலை. நம்மகிட்ட மறைச்சிருக்கா!"

"ஏன்னா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள் மனைவி.

அவருக்கு மனசு ஆறவில்லை. வடகலை, தென்கலைச் சண்டைக்குப் பேர்போன சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தவருக்கு நாமம் என்றால் சும்மாவா? அடி வளைவாக இருந்தால் வடகலை, மூக்கின்மேல் பாதம் இறங்கினால் தென்கலை. நாமத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுப் பழகிய கண் அது. நிறுத்திப் பார்க்கலாம் என்றால் அந்தப் பாழாய்ப்போன படம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"மானஸா, இதைத் தனித்தனிப் படமா பிரிச்சுக் குடு. கையும் களவுமா பிடிக்கணும்."

மானஸாவுக்கு அழுகை முட்டியது. மாப்பிள்ளை ஸ்ரீகரைத் தவிர வேறு யாரையும் அவளால் நினைத்துப் பார்க்க முடியாது. "பாதம் இருந்தா என்னப்பா பண்ணுவேள்?"

"கல்யாணத்தை நிறுத்துவேன்."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். ஜிஃப் முப்பத்திரண்டு படங்களாகப் பிரிந்து வரிசையாக விழுந்தது. சக்ரவர்த்தி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பதினாறு, பதினேழு, பதினெட்டு... ஒன்றுமில்லை. பத்தொன்பதில் வளைவுக்குக் கீழே வெள்ளையாக, கூராக, சாட்சாத் பாதம்!

"பாத்தியா! போதும், மூடு!" என்று துள்ளி எழுந்தார்.

"உக்காருங்கோப்பா. இன்னும் ஒண்ணே ஒண்ணு." மானஸா அடுத்த படத்தை நகர்த்தினாள்.

இருபதாவது படத்தில் பாதம் இரண்டாகப் பிளந்து, மஞ்சளாகிக் கீழே வழிந்தது. விளக்குச் சுடர்! எழும்பி நாமத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிறது, அவ்வளவுதான். சக்ரவர்த்தி மெல்ல உட்கார்ந்தார். அசடு வழிந்தது.

"இது நம்ம பத்திரிகைப்பா," என்றாள் மானஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஜெயப்ரியா ஸ்டூடியோல நாம பண்ணினதையே அவா பேரை மாத்தி வாங்கிண்டா. நீங்க நம்மளதைப் பாக்கவே இல்லையா?"

பார்த்தார், எழுத்துப் பிழைக்காக மட்டும். பார்த்துவிட்டு முந்நூறு பேருக்கு அனுப்பியும் ஆயிற்று.

அப்போது கைப்பேசி அடித்தது. சம்பந்திதான். குரலில் வழக்கமான குழைவு இல்லை.

"சுவாமி, உங்காத்துப் பத்திரிகையைப் படம் படமாப் பிரிச்சுப் பாத்தோம். பத்தொன்பதாவதுல பாதம் இருக்கே? எங்ககிட்ட ஏன் மறைச்சேள்?"

சக்ரவர்த்தி பதறி எழுந்தார். "ஐயையோ, அது வெறும் சுடர்! அடுத்த படத்தைப் பாருங்கோ!"

"பத்தொன்பதுக்கு மேல நாங்க பாக்கலை, சுவாமி. பாக்கவும் மனசு வரலை."

பெண்ணின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. "உங்க கால்ல விழறேன்," என்றார், "இன்னும் ஒண்ணே ஒண்ணு."