மூன்றாவது யன்னல் சீட்

புத்தளம் பஸ் நிலையத்தில் சீட் பிடிப்பது வரிசையில் நின்று செய்கிற காரியமல்ல. பஸ் வளைந்து வந்து நிற்பதற்கு முன்பே ஓடிப்போய், யன்னலுக்குள்ளால் ஒரு பையையோ முகம் துடைக்கிற லேஞ்சியையோ குடையையோ போட்டுவிட வேண்டும். போட்டவருக்கு அந்தச் சீட் சொந்தம். அதை நகர்த்தி வைத்துவிட்டு உட்காருகிற துணிவு எவருக்கும் கிடையாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனாலும் இருக்கிற சட்டங்களைவிட ஒழுங்காக நடக்கிறது.

எத்தாளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய பளீலாவும் அன்று அதைத்தான் செய்தாள். சிலாபம் பஸ்ஸில், டிரைவர் பக்கம் மூன்றாவது யன்னலுக்குள்ளால் தன் பச்சைப் பையைத் தள்ளிவிட்டு, கழுவுமிடத்துக்குப் போனாள். பத்து நிமிடம் பிந்தித் திரும்பினால் என்ன கெட்டுவிடப் போகிறது? சீட் எங்கேயும் போகாது.

சிலாபம் ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கு முன் அவள் வார்டுக்குப் போயிருக்க வேண்டும். வயிற்றில் ஒரு கட்டி. அதை எடுக்க இரண்டு தடவை திகதி கொடுத்து, இரண்டும் தவறிப்போயிருந்தன. முதல் தடவை வெள்ளம் பாதையை மூடியது. இரண்டாம் தடவை பிரஷர் கூடிவிட்டது. இதுவும் தப்பினால் வரிசையின் கடைசிக்குப் போய் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கட்டி நான்கு மாதம் சும்மா இருக்குமா என்று அவள் கேட்டதற்கு, அவர் கிளினிக் கொப்பியில் திகதிக்குக் கீழே கோடு போட்டார். அந்தக் கொப்பி பைக்குள்ளேதான் இருந்தது.

திரும்பி வந்தபோது பஸ் வெறுமையாக நின்றது. ஆட்கள் எல்லாரும் தூரத்தில், ஒரு சிவப்பு ரிபனுக்கு இந்தப் பக்கம். மஞ்சள் ஜக்கெட் போட்ட கொண்டக்டர் நளீர் விசிலும் கையுமாக நின்றான். பஸ்களில் பாதுகாப்பைக் கூட்டுகிறோம் என்று போன மாதம் ஒருநாள் வகுப்பு வைத்து, ஜக்கெட்டும் விசிலும் கொடுத்து, ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார்கள். பஸ் புறப்பட முன் ஒவ்வொரு பையாகத் தொட்டு ஆள் கேட்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் எல்லாரையும் இறக்க வேண்டும். நளீர் அந்த வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களில் ஒருவன்.

"உரிமை கோரப்படாத பொதி ஒன்று உள்ளது. இது யாருடைய பொதி?" என்று அவன் வகுப்பில் படித்துக் கொடுத்த தமிழில் கத்தினான். பிறகு சிங்களத்திலும் கத்தினான். நான்காவது தடவையாம்.

பளீலா எட்டிப் பார்த்தாள். சிப் உடைந்ததால் வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டிய பச்சைப் பை, யன்னலில் தெரிந்தது. போன் சார்ஜரின் கறுப்பு வயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்தால் அவளுக்கே பயமாக இருந்தது.

'என்ட பை' என்று இரண்டு சொல் சொன்னால் முடிந்தது. அந்த இரண்டு சொல்லைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை.

அவளுடைய கூடப்பிறந்த நானா முத்தலிபு அதைத்தான் சொன்னவர். 2019 ஏப்ரலில் தேவாலயங்களில் வெடித்த அந்தக் குண்டுகளுக்குப் பிறகு, வேறொரு ஊரில், வேறொரு பஸ்ஸில், 'யார்ட பை' என்று கேட்ட உடனே கையைத் தூக்கி 'என்ட பை' என்றார். பைக்குள் இருந்தது அரபு எழுத்துப் புத்தகம் இரண்டும் ஒரு ரேடியோவும். ஏழு மாதம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். குற்றம் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை அலுமாரிக்குள் பூட்டி வைத்தவர், இன்றுவரை பஸ் ஏறியதில்லை.

பளீலா முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நின்றாள். பொலிஸ் அதிகாரி நிரோஷன் போனில் கதைத்துவிட்டு, குண்டு சோதிக்கிற குழு வர ஒன்றரை மணித்தியாலம் செல்லும் என்றார். மணி ஏழே கால். பளீலா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் பத்து தாண்டியது. யா அல்லாஹ், நான் வாய் திறந்தாலும் போச்சு, திறக்காவிட்டாலும் போச்சு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

கந்தோர் வேலைக்குப் போகிறவர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். உடனே வேறொரு பஸ்ஸைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கதவடியில் தள்ளுமுள்ளு. நளீருக்கு வகுப்புத் தமிழ் மறந்துபோய் சொந்தத் தமிழ் வந்தது.

"தள்ளாதீங்க. சீட் பிடிச்சாக்களுக்கு அந்தந்த சீட்டையே தாறன். முதலாவது யன்னல் யாரு பிடிச்சது?"

"நான்தான்," என்றது ஒரு குரல்.

"ரெண்டாவது?"

"எங்கட குடை அது."

"மூணாவது யன்னல்? யாரும் இல்லையா? அப்ப இந்த டீச்சர் ஏறட்டும்."

சப்னா டீச்சர் படியில் கால் வைத்தார்.

"அது எப்பிடி டீச்சர் ஏறுற?" என்றாள் பளீலா. "அது நான் பிடிச்ச சீட். பை போட்டுட்டுத்தானே போனன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. கூட்டம் விலகி, அவளைச் சுற்றி ஒரு வட்டம் வெறுமையாகியது. நளீர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றான்.

நிரோஷன் வந்தார். சிலாபத்து ஆள், தமிழ் நன்றாகத் தெரியும். "அந்தப் பச்சைப் பை ஒங்கடதா?"

"ஓம் சேர்."

"உள்ளுக்கு என்ன?"

"கிளினிக் கொப்பி, ஸ்கேன், போன் சார்ஜர், தேத்தண்ணிப் போத்தல், கோப்பை, பீங்கான், தொழுகிற உடுப்பு."

அடையாள அட்டையை வாங்கி எழுதிக்கொண்டார். அவளையே கூட்டிப்போய், தான் எட்ட நின்று, கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். சொன்ன பொருட்கள் சொன்னபடி வெளியே வந்தன. கொப்பியைப் புரட்டியவர், கோடு போட்ட திகதியைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்கும், ராத்தா."

"என்ட நானா முதல்லயே சொன்னவர் சேர். ஏழு மாசம் வெச்சிருந்தாங்க."

அவர் பேனையை மூடினார். கொப்பியை இரண்டு கையாலும் கொடுத்தார். "நளீர், குழு தேவையில்லை. பஸ்ஸை எடு."

"ராத்தாவுக்கு மூணாவது யன்னல்," என்றான் நளீர். சப்னா டீச்சர் சிலாபம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். கோபம் அவருக்கு முகத்திலேயே இருந்தது. பளீலா பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தாள். வழியில் முந்தலில் இரண்டு பேர் லேஞ்சி போட்டுச் சீட் பிடித்தபோது, நளீர் பொதியைப் பற்றி மூச்சும் விடவில்லை. 'யாரு பிடிச்ச சீட்?' என்று மட்டும் கேட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள்.

வார்டு வாசலில் ஒன்பதே முக்கால். உள்ளே போகிறவர்களின் பைகள் சுவரோரம் வரிசையாக இருந்தன. பளீலாவும் பச்சைப் பையைக் கடைசியில் வைத்துவிட்டுக் கொப்பியோடு மேசைக்குப் போனாள்.

"யார்ட பை இது, நடைபாதையில?" என்று பின்னால் காவலாளி கேட்டார்.

பளீலா திரும்பினாள். வாய் ஒருமுறை மூடித் திறந்தது.

"என்ட பை," என்றாள்.

"ஓரமா வைங்க," என்றுவிட்டு அவர் போனார்.